மூன்று மூட்டை வெட்டுத்துணியில் போர்வைக் கட்டங்கள் தைப்பது எப்படி?

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறேன். ஐந்து வருடங்களில் மூன்று மூட்டை வெட்டுத்துணி சேர்ந்துவிட்டது. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கலாம் என்று சதுரம் சதுரமாக வெட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் குப்பைக்குப் போகிறது. ஒல்லிப் பட்டைகளையும் கோணல் துண்டுகளையும் வைத்துக் கட்டங்கள் தைக்க வழி உண்டா? உள்ளே பஞ்சு வைக்காமல் போர்வையை முடிக்க முடியுமா?

பதில்:

இரண்டுக்குமே வழி உண்டு. உங்கள் துணி வீணாவதற்குக் காரணம் நீங்கள் வெட்டும் நேரம். முதலில் துண்டைச் சதுரமாக்கிவிட்டுப் பிறகு தைக்கப் பார்க்கிறீர்கள். அதைத் தலைகீழாக்குங்கள். துண்டுகளை வந்த உருவத்திலேயே ஒன்றோடொன்று சேர்த்துத் தையுங்கள். தைத்து முடித்த பரப்பைச் சதுரமாக வெட்டுங்கள், அதுதான் ஒரு கட்டம். அளவுகோலைக் கட்டம் முடிந்தபிறகு கையில் எடுத்தால் போதும்.

ஒரு பிளவுஸ் வெட்டியபின் மேசையில் என்ன கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கைக்குழி வளைவுக்கு வெளியே பிறை போல ஒரு துண்டு, கை வெட்டிய இரு பக்கமும் சரிந்த முக்கோணங்கள், ஓரத்தில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு நீளப் பட்டை. பாவாடை வெட்டினால் ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் ஆப்பு போல மிஞ்சும். இவற்றில் மூன்று அங்குலச் சதுரம் எடுக்கப் போனால் ஒவ்வொன்றிலும் பாதியை இழப்பீர்கள். அதே பிறையும் ஆப்பும் நான் கீழே சொல்லும் பட்டைக் கட்டத்தில் ஏறக்குறைய முழுதாகவே உட்கார்ந்துவிடும்.

மூட்டையை அவிழ்த்ததும் நிறம் பார்க்காதீர்கள், துணியைப் பாருங்கள். பாப்லின், கேம்ப்ரிக், டூ பை டூ, கைத்தறிப் பருத்தி எல்லாம் ஒரு குவியல், போர்வைக்கு இதுதான். ஜார்ஜெட், கிரேப் போன்ற பாலியெஸ்டர் துணிகள் தனி. பருத்திக்கு வைக்கும் சூட்டில் இவை சுருங்கும், சில சமயம் இளகும். பனியன் துணி இழுபடும் என்பதால் அதுவும் தனி. பட்டும் சரிகையும் கலக்கவே வேண்டாம். சரிகை தோலை உறுத்துவதோடு, துவைக்கத் துவைக்கப் பக்கத்திலிருக்கும் மென்மையான பருத்தியை அரித்துவிடும். எவ்வளவு அழகான துண்டாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் இரக்கம் காட்டுவதில்லை. வாடிக்கையாளரின் துணி என்றால், மிச்சத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகவே கொடுப்பார்கள்.

அடுத்தது சாயம். சுங்குடி, அரக்கு, கருநீலம், அடர்சிவப்புக் கைத்தறி ஆகியவற்றை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியாக இரண்டு மூன்று முறை அலசி, தண்ணீர் தெளிந்தபின் மீண்டும் சோதியுங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏற்றி விற்ற துணியில் உப்பு சாயத்தைப் பிடித்து வைக்காது. துணியில் ஒட்டாமல் தங்கிய உபரிச் சாயம் அலசினால் மட்டுமே போகும். மூன்று முறை அலசியும் நிற்காத துண்டைப் போர்வையில் சேர்க்காதீர்கள். ஒரு துண்டு சாயம் விட்டால் சுற்றியுள்ள நூறு துண்டுகள் கெடும். அலசும்போது எல்லாவற்றையும் ஒரு தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டால் நூல் பிரிந்து சிக்காது.

இப்போது நிறத்துக்கு வரலாம். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பிரிக்க வேண்டாம். வெளிர், அடர் என்று இரண்டாகப் பிரியுங்கள். போர்வையின் வடிவம் கண்ணுக்குத் தெரிவது இந்த வேறுபாட்டால்தான். கிளிப்பச்சையும் ஆரஞ்சும் அருகருகே வைத்தால் அடித்துக்கொள்வது போலத் தோன்றும். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாக நிற்கலாம். அப்படிப்பட்ட இரண்டை வைத்து வடிவம் போட்டால் நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போது வடிவம் கரைந்துவிடும். எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாத நடுத்தர நிறங்களைத் தனியாக ஒரு பையில் போட்டு வையுங்கள். பட்டைக் கட்டத்தில் அவற்றுக்கு இடம் உண்டு.

பட்டைக் கட்டத்திலிருந்தே தொடங்குங்கள். அமெரிக்காவில் இதை ‘ஸ்ட்ரிங்’ கட்டம் என்பார்கள். வேறெதற்கும் உதவாத ஒல்லித் துண்டுகளுக்கு அங்கே ‘ஸ்ட்ரிங்’ என்று பெயர். 1930களின் பொருளாதார நெருக்கடியில் பழைய செய்தித்தாளையே அடியில் வைத்து அதன்மேல் இந்தத் துண்டுகளைத் தைத்துப் போர்வையாக்கினார்கள். உங்களுக்குத் தாளைவிட நல்ல பொருள் வீட்டிலேயே இருக்கும்: பழைய வேட்டி. பல வருடம் துவைத்து மெத்தென்று ஆன நான்கு முழ வேட்டி ஒன்றில், கிழிந்த இடத்தைத் தள்ளிவிட்டாலும், 7 அங்குலச் சதுரங்கள் 48 தாராளமாக வரும். குழந்தைப் போர்வைக்கு அதுவே போதும்.

அடித்துணி எதற்கு என்று கேட்பீர்கள். வெட்டுத்துணியில் பாதி கிராஸாக வெட்டப்பட்டிருக்கும். பாவும் ஊடையும் நேராக ஓடும் விளிம்பு இழுபடாது. சாய்வாக வெட்டிய விளிம்பு ரப்பர் போல நீளும். பிளவுஸ் கழுத்துக்கு கிராஸ் பீஸ் வைப்பதே அந்தக் குணத்துக்காகத்தான். கழுத்தில் உதவும் அதே குணம் கட்டத்தைக் கெடுத்துவிடும். நான் முதலில் தைத்த பட்டைப் போர்வையில் அடித்துணி வைக்கவில்லை. கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது ஒழுங்காகத்தான் இருந்தன. இணைத்துத் தரையில் விரித்தபோது ஓரங்கள் எண்ணெயில் போட்ட அப்பளம் போல மேலும் கீழும் எழுந்தன. எத்தனை முறை இஸ்திரி போட்டும் படியவில்லை. பிரித்து, அடித்துணி வைத்து மறுபடி தைத்தேன். கிராஸ் துண்டுகளை நேராக ஓடும் ஒரு துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் அவை அசையாது.

செய்முறை இதுதான். வேட்டிச் சதுரத்தின் நடுவில் மூலைக்கு மூலை முதல் பட்டையை நல்ல பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். 7 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 10 அங்குலம். ஆகவே இந்த நடுப்பட்டை மட்டும் 10½ அங்குல நீளம் இருக்கட்டும். இரண்டாவது பட்டையை அதன்மேல் கவிழ்த்து வைத்து, ஒரு விளிம்பை ஒட்டிப் பொருத்தி, கால் அங்குலம் உள்ளே தள்ளி அடித்துணியையும் சேர்த்துத் தையுங்கள். இரண்டாவது பட்டையை வெளிப்புறம் திருப்பி, தையல் கோட்டின்மேல் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். இந்த நிலையில் இஸ்திரி தேவையில்லை, நகம் போதும். பிறகு மூன்றாவது, நான்காவது. மூலையை நெருங்க நெருங்க நீளம் குறைந்துகொண்டே வரும். குட்டைத் துண்டுகள் தாமாகவே அங்கே பொருந்தும். நீளம் போதாத இரண்டு துண்டுகளை முனையோடு முனை தைத்து ஒரு பட்டையாக்கிக் கொள்ளலாம். ஒரு பாதி முடிந்ததும் நடுப்பட்டையின் மறுபுறம் இதையே செய்யுங்கள்.

ஆப்புத் துண்டு வந்தால் அதை நேராக்காதீர்கள். ஒன்றின் அகன்ற முனைக்குப் பக்கத்தில் அடுத்ததன் குறுகிய முனை வருமாறு வையுங்கள், சாய்வு தானே சமன்படும். கைக்குழிப் பிறையின் உள்வளைவை மட்டும் நேர்கோடாகச் சீவி, அதைக் கடைசி மூலைத் துண்டாக வையுங்கள். புறவளைவு சதுரம் வெட்டும்போது போய்விடும். மூலைத் துண்டு பெரிதாக இருப்பது அவசியம். ஒல்லிப் பட்டையாக வைத்தால், நான்கு கட்டங்களின் மூலைகள் கூடும் இடத்தில் தையல்மேல் தையலாகக் குவிந்து ஊசியே உடையும். மற்ற பட்டைகளின் அகலம் ஒரு அங்குலத்திலிருந்து இரண்டரை வரை இருக்கலாம். இரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போவதால், ஒரு அங்குலப் பட்டையில் வெளியே தெரிவது அரை அங்குலம்தான். அதற்குக் கீழே போக வேண்டாம்.

ஒவ்வொரு கட்டமாக உட்கார்ந்து முடிக்காதீர்கள். பத்துக் கட்டங்களுக்கு இரண்டாவது பட்டையை வரிசையாக, நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக எந்திரத்தில் விட்டுக்கொண்டே போங்கள். பிறகு மொத்தமாக நூலை வெட்டி, திருப்பி, நகம் போட்டு, அடுத்த சுற்று. நேரமும் நூலும் மிஞ்சும். அதோடு, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்று தயங்கி நிற்கும் பழக்கமும் போய்விடும். பட்டைக் கட்டத்தில் கைக்கு வந்ததை வைப்பதே நல்லது. யோசித்துப் பொருத்திய கட்டங்கள் மற்றவற்றோடு சேராமல் தனித்துத் தெரியும் என்பது என் அனுபவம்.

முடிந்ததும் ஒருமுறை நன்றாக இஸ்திரி போட்டு, கட்டத்தைக் கவிழ்த்து, 6½ அங்குல அளவில் சதுரமாக வெட்டுங்கள். அளவுச் சதுரத்தை அட்டையில் செய்தால் இருபது முறை வரைந்ததும் ஓரம் தேய்ந்து அளவு கூடக்குறையப் போகும். பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்: தேயாது, ஓரளவு கண்ணுக்கு ஊடுருவித் தெரியும், மூலைக்கு மூலை ஒரு கோடு கீறி வைத்தால் நடுப்பட்டையின் மேல் அதைப் பொருத்தி நேராக வைக்கலாம். சக்கரக் கத்தியும் அதற்கான பலகையும் இருந்தால் வேகம். இல்லாவிட்டாலும் நல்ல கத்தரிக்கோல் போதும்.

இந்த 48 கட்டங்களிலும் நடுப்பட்டை மட்டும் ஒரே நிறமாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நான்கு கட்டங்களை, நடுப்பட்டைகள் சேர்ந்து சாய்சதுரமாகும்படி அடுக்கினால், போர்வை முழுவதும் ஒரு வலை போலப் படரும். அதற்குள் எத்தனை கலவையான துண்டுகள் இருந்தாலும் கண் தடுமாறாது. இந்த நடுப்பட்டைக்கு மட்டும் துணி வாங்கலாம். 45 அங்குல அகலத் துணியை 1½ அங்குலப் பட்டைகளாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் நான்கு நடுப்பட்டைகள் வரும்; 48 கட்டங்களுக்கு அரை மீட்டர் போதும். என் தேர்வு கருநீலம். கட்டங்களை அகலத்தில் 6, நீளத்தில் 8 என்று இணைத்தால் 36க்கு 48 அங்குலக் குழந்தைப் போர்வை.

வேட்டி கிடைக்காமல் தாளில் தைப்பதானால் மூன்று விஷயங்கள். செய்தித்தாள் மை வெளிர்த் துணியில் ஒட்டும், ஆகவே அச்சில்லாத மெல்லிய தாள் எடுங்கள். தையலை 1.5 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கமாக வைத்தால் தாள் பின்னால் சுலபமாகக் கிழியும். கட்டங்களை இணைத்த பிறகே தாளைக் கிழியுங்கள். முன்பே கிழித்தால் கிராஸ் ஓரங்கள் மறுபடி இழுபடும். தாள் ஊசியை மழுக்கும், முடிந்ததும் ஊசியை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவதாக நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ‘லாக் கேபின்’. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டின் பெயர் இது. அமெரிக்காவில் 1860களில் பரவிய வடிவம். நடுவில் ஒரு சிறு சதுரம்; மரபாக அதைச் சிவப்பில் வைத்து வீட்டின் அடுப்பு என்பார்கள். அதைச் சுற்றிப் பட்டைகள் சுவர்போல ஏறும். அடுத்தடுத்த இரு பக்கங்கள் வெளிர், மற்ற இரண்டும் அடர். இதற்குப் பட்டையின் அகலம் மட்டும் ஒரே அளவில் வேண்டும், 1½ அங்குலம். நிறமும் துணியும் எதுவாகவும் இருக்கலாம். உங்கள் மூட்டையில் உள்ள நீள ஓரப் பட்டைகளை இதற்கு ஒதுக்குங்கள். நெருக்கமாக நெய்த ஓரக்கரையை மட்டும் சீவிவிடுங்கள். அது துவைத்தபின் மற்ற இடத்தைப் போல் சுருங்காது.

நடுச்சதுரத்தை 2 அங்குலமாக வெட்டுங்கள். முதல் சுற்றுப் பட்டைகளின் நீளம் வரிசையாக 2, 3, 3, 4 அங்குலம். இரண்டாம் சுற்று 4, 5, 5, 6. மூன்றாம் சுற்று 6, 7, 7, 8. ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு வெளிர், அடுத்த இரண்டு அடர். மூன்று சுற்று முடிந்ததும் 8 அங்குலக் கட்டம், இணைத்தபின் 7½. அகலத்தில் 8, நீளத்தில் 12 என்று 96 கட்டங்கள் சேர்த்தால் 60க்கு 90 அங்குலம், ஒற்றைக் கட்டிலுக்குச் சரியான போர்வை. அடர்பாதிகளை எப்படித் திருப்பி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, அதே 96 கட்டங்களில் உழவுசால் போன்ற சாய்கோடுகளும் வரும், ஒன்றுக்குள் ஒன்றான சாய்சதுரங்களும் வரும். தைப்பதற்குமுன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஓர் இரவு விட்டுவைத்துக் காலையில் பாருங்கள். முதல் நாள் கண்ணில் படாத தவறு அப்போது தெரியும்.

லாக் கேபினில் தையலுக்குக் கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். பிளவுஸ் தைக்கும் கைக்கு இது கடினம். பின்னால் பிரித்து விடுவதற்காகப் பக்கத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் விட்டே பழகியிருப்போம். சோதனை எளிது. 1½ அங்குலப் பட்டைகள் மூன்றைத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்தால் மொத்தம் 3½ அங்குலமும் நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் இருக்க வேண்டும். குறைந்தால் அதிகம் உள்ளே தைக்கிறீர்கள். ஊசியிலிருந்து அளந்து எந்திரத் தட்டில் ஒரு நாடாவை ஒட்டி, அதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வடிவங்களை அளவுகோல் இல்லாமல் கண்ணாலேயே தைத்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த சட்டை, கால்சட்டைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். சதுரத்துக்குள் சதுரமாகப் பட்டைகள் சூழும் வடிவத்தை ‘ஹவுஸ்டாப்’, அதாவது வீட்டுக்கூரை, என்றார்கள். 1942இல் மிசௌரி பெட்வே என்பவர், இறந்துபோன கணவரின் வேலை உடைகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும், பையைப் பிரித்தபின் அடர்ந்து நிற்கும் பழைய நிறமும் அந்த ஊர்ப் போர்வைகளில் அப்படியே தெரியும். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் இப்போர்வைகள் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை இவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. அவர்களுடைய கோடுகள் சாய்ந்திருக்கும். பட்டை தீர்ந்த இடத்தில் வேறு நிறம் புகுந்திருக்கும். உங்கள் கட்டத்தில் ஒரு பட்டை கோணலாகப் போனால் பிரிக்கத் தோன்றும்போது அவற்றின் படத்தை ஒருமுறை பாருங்கள்.

இரண்டு அங்குலத்துக்கும் சிறிய பொடித்துண்டுகளை வீசிவிடாதீர்கள். இரண்டு இரண்டாகத் தையுங்கள், ஜோடிகளை ஜோடிகளோடு சேருங்கள், கோணலான ஓரத்தை நேராகச் சீவி அடுத்ததை ஒட்டுங்கள். பரப்பு 5 அங்குலத்தைத் தாண்டியதும் சதுரமாக வெட்டுங்கள். நேரம் நிறையப் பிடிக்கும். ஆனால் வேலையில்லாத மதியங்களில் கைக்கு இதைவிட இதமான வேலை எனக்குத் தெரியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பஞ்சு வேண்டாம். வேட்டி அடித்துணியில் தைத்த பட்டைக் கட்டம் ஏற்கெனவே இரண்டு அடுக்கு. பின்னால் ஒரு பழைய பருத்திச் சேலை சேர்ந்தால் மூன்று. நம் ஊர் மார்கழிக்கு அது போதும், துவைத்தாலும் சீக்கிரம் காயும். லாக் கேபினுக்கு அடித்துணி இல்லாததால் நடுவில் இன்னொரு பழைய சேலையை விரித்துவிடுங்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி ‘சித்தி’ இனப் பெண்கள் ‘கவந்தி’ என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். அதில் பஞ்சும் இல்லை, கட்டமும் இல்லை. பழைய சேலையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்து ஓட்டுத் தையலால் பிடித்துக்கொண்டே நடுவை நோக்கி வருவார்கள். நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி ‘பூலா’, அதாவது பூ, வைக்காவிட்டால் போர்வை முடிந்ததாகாது. கட்டங்கள் தைத்துச் சலித்தால் அடுத்ததாக இதைச் செய்து பாருங்கள்.

ஒற்றைக் கட்டில் போர்வைக்குப் பின்பக்கம் ஒரு சேலை போதும். சேலையின் நீளம் 5½ மீட்டர், ஏறக்குறைய 216 அங்குலம். அகலம் 45 அங்குலத்துக்குக் குறையாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நைந்த இடங்களைத் தவிர்த்து, 95 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் எடுங்கள். ஒன்றை முழு அகலத்தில் வைத்து, மற்றதில் நீளவாக்கில் 20 அங்குலம் மட்டும் வெட்டி இணைத்தால் பின்பக்கம் தயார். மிச்சமிருக்கும் 25 அங்குல அகலத்திலிருந்து 2½ அங்குலப் பட்டைகள் நான்கு வெட்டினால் நாலு ஓரத்துக்கும் பட்டி வந்துவிடும். நேரான ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் தேவையில்லை.

மூன்று அடுக்கையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பெரிய தையலால் தற்காலிகமாக நூலோட்டி வையுங்கள். நடுவிலிருந்து தொடங்காவிட்டால் சேலை பின்னால் மடிந்து அகப்பட்டுக்கொள்ளும். பிறகு இரட்டை நூலில் ஓட்டுத் தையல், வரிசைக்கு வரிசை ஒரு சாண் இடைவெளிக்கு மேல் விடாமல். தையல் எந்திரம் போதும் என்றால் கட்டங்களின் இணைப்புக் கோட்டின் மேலேயே ஓட்டலாம்; எனக்குக் கைத்தையல் தரும் குழைவுதான் பிடிக்கும். துண்டுகள் விறைப்பாக நிற்பதற்காக வடிகஞ்சி தெளித்திருந்தால், பெட்டியில் வைக்குமுன் கட்டாயம் அலசிவிடுங்கள், கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். சேலையில் முந்தானை ஏறக்குறைய 26 அங்குலம் வெட்டுப்படாமல் மிஞ்சியிருக்கும். அதை மூட்டையில் போடாமல் மடித்துத் தனியே வையுங்கள், குழந்தைப் போர்வைக்குப் பின்பக்கம் தேடும்போது பாதி வேலையை அதுவே முடித்துவிடும்.